மேக்ரோபேஜ், அழற்சி, நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்பியல் வகுப்பிலும், நோயாளிகளின் வீட்டாரோடு பேசும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பரீட்சைக்குப் படிப்பவர்களும் கேட்டார்கள், ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு வந்தவர்களும் கேட்டார்கள். முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மேக்ரோபேஜ்னா என்ன? அதுவும் வெள்ளை அணுவும் ஒண்ணுதானா?

வெள்ளை அணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதில்லை, திசுக்களுக்குள் குடியிருக்கும். கிருமி, செத்த செல், தூசி என்று அகப்பட்டதை விழுங்கிச் செரிப்பது இதன் முதல் வேலை. பாடநூல்களில் பெருவிழுங்கி என்று பார்த்திருப்பீர்கள்.

இப்படி விழுங்கும் செல்கள் உண்டு என்பதை உலகுக்குச் சொன்னவர் இலியா மெச்னிகாஃப். 1882ல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அதற்கு முன்பு, வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றுகூடப் பலர் நினைத்திருந்தார்கள். அவை கிருமியை எதிர்க்கின்றன என்று அடித்துச் சொன்னவர் இவர். 1908ல் பால் எர்லிக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

என் ரத்தப் பரிசோதனையில மேக்ரோபேஜ்னு ஒரு வரியே இல்லையே?

இருக்காது. ரத்தத்தில் எண்ணப்படுவது மோனோசைட். வெள்ளை அணுக்களில் அது சுமார் 2 முதல் 8 சதவீதம். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஓரிரு நாள் ரத்தத்தில் சுற்றிவிட்டுத் திசுவுக்குள் நுழைந்த பிறகுதான் அது மேக்ரோபேஜாக மாறும்.

ஆனால் எல்லா மேக்ரோபேஜும் இந்த வழியில் வருவதில்லை. மூளையில் உள்ள மைக்ரோகிளியா, கருவின் ஆரம்ப வாரங்களில் கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறியவை. அதன்பின் அங்கேயே தங்களைப் பெருக்கிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. கல்லீரலின் குப்ஃபர் செல்களும் நுரையீரல் காற்றறைகளின் மேக்ரோபேஜ்களும் பெரும்பாலும் கருவிலேயே இடம்பிடித்தவைதான். குடலில் நிலைமை வேறு. அங்கே மோனோசைட்டுகள் வந்து வந்து இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. எல்லாம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகின்றன என்று பழைய புத்தகங்களில் இருக்கும் பாடத்தை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிருமி எதுவும் இல்லாதப்ப அது சும்மாதானே இருக்கும்?

ஒரு நொடிகூட இல்லை. சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான சிவப்பு அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோபேஜ்கள் விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம் அணுக்கள் இப்படிப் போகின்றன. அவற்றிலிருந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு மீட்கப்பட்டுப் புதிய ரத்தம் உண்டாக்கப் போகிறது. உணவிலிருந்து நாம் உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கு பின்னால் ரத்தசோகைக் கேள்விக்குத் தேவைப்படும்.

நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான படலம் சுரக்கிறது. அதில் மிச்சமாவதை அகற்றுவதும் மேக்ரோபேஜ்தான். அந்த வேலைக்கு வேண்டிய சமிக்ஞை கிடைக்காத சிலருக்குக் காற்றறைகள் முழுக்க அந்தப் படலப் பொருள் தேங்கி மூச்சு திணறும். கிருமியே வராமல், மேக்ரோபேஜின் அன்றாட வேலை நின்றதால் மட்டும் வரும் நோய் இது.

'ஆக்டிவேட் ஆகுது'ன்னு புத்தகத்துல போட்டிருக்கே, அப்ப உள்ள என்னதான் நடக்குது?

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. மேக்ரோபேஜின் மேற்பரப்பிலும் உள்ளேயும் உணரிகள் இருக்கின்றன. கிருமிகளிடம் உண்டு, நம் செல்களிடம் இல்லை என்ற மாதிரியான பொருள்களை அவை கண்டுபிடிக்கும். ஒரு வகை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் நல்ல உதாரணம். அதை டி.எல்.ஆர்-4 என்ற உணரி பிடிக்கிறது. பழ ஈயில் 'டோல்' என்ற மரபணு பூஞ்சையை எதிர்க்க உதவுகிறது என்று 1996ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினரும், எலியில் எண்டோடாக்சினை உணர்வது அதே குடும்பத்தின் டி.எல்.ஆர்-4 என்று 1998ல் புரூஸ் பாய்ட்லர் குழுவினரும் காட்டினார்கள். 2011ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உணரியில் பொருள் மாட்டியதும் செல்லுக்குள் ஒரு சங்கிலி ஓடுகிறது. அதன் முடிவில் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை வேலை செய்ய வைக்கிறது. டி.என்.எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்கள், வெளியே கொட்டுகின்றன. ரத்தக் குழாய் விரிகிறது, சுவர் கசிகிறது, மற்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. மேக்ரோபேஜும் குளுக்கோஸை வேகமாக எரிக்கத் தொடங்குகிறது.

இத்தோடு முழு வலிமை வந்துவிடாது. டி செல், என்.கே செல் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரந்தால்தான் மேக்ரோபேஜ் தான் விழுங்கியதைக் கொல்லும் அளவுக்குத் தேறும். 1960களில் ஜார்ஜ் மெக்கானெஸ் எலிகளில் இதைப் பார்த்தார். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்று கண்டு எதிர்ப்பு பெற்ற எலிகளின் மேக்ரோபேஜ்கள், சம்பந்தமே இல்லாத வேறு பாக்டீரியாவையும் வேகமாகக் கொன்றன. அடையாளம் கண்டு தூண்டுவது டி செல், ஆனால் தூண்டப்பட்ட மேக்ரோபேஜ் எதிரில் வரும் எதையும் தாக்கும்.

எம்1 கெட்டது, எம்2 நல்லது. இப்படி எழுதினா மார்க் வருமா?

மார்க் வரலாம், ஆனால் தப்பு. இன்டர்ஃபெரான் காமாவும் எண்டோடாக்சினும் சேர்ந்து தூண்டினால் ஒரு வகை மேக்ரோபேஜும், இன்டர்லூகின்-4 தூண்டினால் வேறொரு வகையும் கிடைக்கும் என்று 1992ல் சைமன் கோர்டன் ஆய்வகம் காட்டியது. 2000ல் எம்1, எம்2 என்ற பெயர்கள் வந்தன. எலியின் எம்1, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்து கிருமியைத் தாக்கும். எம்2 அதே ஆர்ஜினினை வேறு பாதையில் திருப்பித் திசு வளர்ச்சிக்கு உதவும். சோதனைக் குடுவையில் இது கச்சிதமாகத் தெரியும்.

உடம்புக்குள் அப்படி இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து சமிக்ஞைகள் வந்து விழுகின்றன. ஒரே மேக்ரோபேஜில் இரண்டு வகையின் அடையாளங்களும் தெரியும், இன்று ஒரு நிலையில் இருந்தது மூன்று நாளில் வேறு நிலைக்குப் போகும். நல்லது கெட்டது என்பதும் இடத்தைப் பொறுத்தது. நிமோனியாவில் எம்1 போன்ற நிலை உயிரைக் காக்கும். புற்றுநோய்க் கட்டிக்குள் எம்2 போன்ற நிலை கட்டிக்குத்தான் உதவும், தழும்பாகி இறுகும் நுரையீரலில் அது தழும்பைக் கூட்டும். அதனால் எந்தத் திசுவில், எது தூண்டியது, எத்தனை நாளாக என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். திருத்துகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் மகிழ்வார்.

அழற்சின்னாலே கெட்டதுதானே? வீங்கினதும் மாத்திரை போட்டு அடக்கிடலாமா?

விரலில் கத்தி பட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். திசுவில் ஏற்கெனவே இருக்கும் மேக்ரோபேஜ்கள் நிமிடங்களில் குரல் கொடுக்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. விரல் சிவந்து, சூடாகி, வீங்கி வலிப்பது அப்போதுதான். நியூட்ரோபில்கள் சண்டையிட்டு விரைவிலேயே சாகின்றன. இரண்டு மூன்று நாளில் மோனோசைட்டுகள் வந்து மேக்ரோபேஜாகி, செத்த நியூட்ரோபில்களை விழுங்கத் தொடங்குகின்றன.

இந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆயுள் முடிந்து தானாகச் செத்த செல்லை விழுங்கும் மேக்ரோபேஜ், கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ் மாதிரி கத்துவதில்லை. அது இன்டர்லூகின்-10, டி.ஜி.எஃப்-பீட்டா போன்றவற்றைச் சுரந்து சண்டையை நிறுத்தி, புது ரத்தக் குழாயும் புதுத் திசுவும் வளர வழி செய்கிறது. அழற்சி தானாக ஓய்ந்துபோவதில்லை. அதை முடித்து வைப்பதும் மேக்ரோபேஜின் வேலை. 1975ல் கினிப் பன்றிகளில் மோனோசைட்டையும் மேக்ரோபேஜையும் குறைத்துப் பார்த்தபோது காயம் ஆறுவது நன்றாகத் தாமதமானது. சர்க்கரை நோயாளியின் புண் ஆறாமல் இழுப்பதற்கு ஒரு காரணம், அங்கே மேக்ரோபேஜ்கள் சண்டை நிலையை விட்டு நகராமல் தங்கிவிடுவது.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். வழக்கமான வலி மாத்திரைகள், வலியையும் காய்ச்சலையும் தூண்டும் ப்ரோஸ்டாக்ளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்து வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், மேக்ரோபேஜின் வேலையை நிறுத்திவிடாது. ஸ்டீராய்டு அப்படியல்ல, என்.எஃப்-கப்பா-பி வழியையே அடக்கும். தேவையான இடத்தில் உயிர் காக்கும், சாதாரண வீக்கத்துக்கு நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டால் கிருமிக்கு வழிவிட்டு, காயம் ஆறுவதையும் தாமதிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிருமியே இல்லாம அழற்சி வருதே, அது எப்படி?

மேக்ரோபேஜ் கிருமியை மட்டும் உணர்வதில்லை, சேதத்தையும் உணரும். கவுட் நோயில் மூட்டுக்குள் யூரிக் அமிலம் ஊசி ஊசியான படிகங்களாகப் படிகிறது. மேக்ரோபேஜ் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கியதை உள்ளே வைத்திருக்கும் பை கிழிகிறது. உடனே என்.எல்.ஆர்.பி-3 என்ற புரதம் பல பாகங்களைக் கூட்டிச் சேர்த்து இன்ஃப்ளமசோம் என்ற ஒரு கட்டமைப்பை உண்டாக்கும். அது இன்டர்லூகின்-1 பீட்டாவைச் செயல்படும் வடிவத்துக்கு வெட்டி வெளியே விடும். கட்டைவிரல் மூட்டு ஒரே இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்காத அளவுக்கு வலிப்பது இதனால்தான். யூரிக் அமிலப் படிகத்துக்கும் இந்தக் கட்டமைப்புக்கும் உள்ள தொடர்பு 2006ல் தெரியவந்தது.

கல்குவாரித் தொழிலாளிகளின் நுரையீரலில் சிலிக்கா தூளும், கல்நார் இழைகளும் செய்வதும் இதேதான். யூரிக் அமிலமாவது கரையும், சிலிக்கா கரையாது. விழுங்கிய மேக்ரோபேஜ் சாகும், அடுத்தது வந்து அதே தூளை விழுங்கும், அதுவும் சாகும். வேலையை விட்டு வெகுநாள் கழித்தும் நுரையீரல் தழும்பாகிக்கொண்டே போவது அதனால்தான்.

எல்லாத்தையும் விழுங்குற செல், காசநோய்க் கிருமியை மட்டும் ஏன் கொல்ல முடியல?

விழுங்கத்தான் செய்கிறது, அதில் குறையில்லை. விழுங்கிய பை, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோமோடு சேர்ந்தால்தான் கிருமி சாகும். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்து, பைக்குள்ளேயே வாழக் கற்றுக்கொண்டது. மெச்னிகாஃப் நட்சத்திர மீனைப் பார்த்த அதே 1882ல், மார்ச் 24 அன்று, ராபர்ட் கோக் இந்தக் கிருமியை அறிவித்தார். மேக்ரோபேஜுக்குள் இந்தக் கிருமி எப்படி ஒளிந்து வாழ்கிறது என்று புரிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. தொழுநோய்க் கிருமியும், கருங்காய்ச்சலின் லீஷ்மேனியாவும் இதேபோல மேக்ரோபேஜுக்குள் வாழ்பவைதான்.

உடம்பு கைகட்டி நிற்பதில்லை. டி செல்களின் இன்டர்ஃபெரான் காமா வந்தால் அந்தத் தடை பெருமளவு உடைகிறது. கொல்ல முடியாததைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் நெருக்கமாக அணிவகுத்து கிரானுலோமா என்ற முடிச்சைக் கட்டுகின்றன. கிருமி உள்ளே நுழைந்த பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வராமல் இருப்பது இதனால்தான். இன்டர்ஃபெரான் காமாவின் உணரி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குப் பலவீனமாக்கப்பட்ட பிசிஜி தடுப்பூசிக் கிருமிகூட நோயாகப் பரவும். எச்.ஐ.வியில் டி செல்கள் குறையும்போது காசநோய் கிளம்புவதும் இதே கதைதான்.

முடக்குவாதத்துக்கு ஊசி போடணும்னாங்க. ஆனா முதல்ல டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. மூட்டு வலிக்கும் டிபிக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி, மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வில் மேக்ரோபேஜ்கள் குவிந்து டி.என்.எஃப்பைக் கொட்டுகின்றன. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்டும் மேக்ரோபேஜின் நெருங்கிய உறவு, அதையும் இந்தச் சமிக்ஞைகள் தூண்டுகின்றன. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் டி.என்.எஃப்பைப் பிடித்துவைத்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக்கூட நடக்க வைத்திருக்கின்றன.

ஆனால் கிரானுலோமா முடிச்சைக் கட்டிக் காப்பதும் அதே டி.என்.எஃப்தான். அதைத் தடுத்தால் முடிச்சு தளர்ந்து, பல வருடங்களாக அடங்கிக் கிடந்த காசநோய் வெளியே வரலாம். அதனால்தான் முதலில் பரிசோதனை. உள்ளே தொற்று இருந்தால் அதற்கு மருந்து தொடங்கிவிட்டுத்தான் ஊசி. இதை வீண்செலவு என்று நினைத்துத் தவிர்க்காதீர்கள்.

மாரடைப்புக்குக் காரணம் கொலஸ்ட்ரால்னு கேள்விப்பட்டிருக்கோம். இதுல மேக்ரோபேஜ் எங்க வந்துச்சு?

எல்.டி.எல் கொலஸ்ட்ரால் ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கி, ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மேக்ரோபேஜ் அதைக் குப்பையாகக் கருதி விழுங்குகிறது. சாதாரணமாக எல்.டி.எல் எடுக்கும் வழிக்கு 'போதும்' என்று நிறுத்தும் கட்டுப்பாடு உண்டு. குப்பை அள்ளும் உணரிகளுக்கு அது இல்லை. கொழுப்பு நிரம்பி நிரம்பி, நுண்ணோக்கியில் நுரை பொங்கியது போலத் தெரியும். நுரைச் செல் என்றே பெயர். அவை செத்து, செத்ததை அகற்ற வேண்டிய மேக்ரோபேஜும் திணறினால், உள்ளே கூழ் சேர்ந்து, மேல்மூடி மெலிந்து ஒருநாள் வெடிக்கும். அங்கே ரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

அழற்சியை மட்டும் தடுத்தால் பலன் உண்டா என்று 10,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்து 2017ல் முடிவு வெளியிட்டார்கள். கொலஸ்ட்ராலைத் தொடாமல் இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுத்தபோது, 150 மில்லிகிராம் அளவில் இதயப் பாதிப்புகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூடவே, தொற்றால் இறந்தவர்கள் சற்று அதிகம். என் கருத்தில் இந்த ஒரு சோதனை மேக்ரோபேஜின் இரண்டு முகங்களையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது.

உடம்பு பருமனுக்கும் சர்க்கரைக்கும் இதோட தொடர்பு உண்டா?

உண்டு. பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் மேக்ரோபேஜ்கள் பெருமளவில் குவிகின்றன என்று 2003ல் தெரிந்தது. அவை விடும் டி.என்.எஃப் போன்றவை இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்காதபடி செய்கின்றன. சர்க்கரை நோய்க்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல.

அப்படின்னா புற்றுநோய்க் கட்டியையும் விழுங்கிட வேண்டியதுதானே?

சில கட்டிகளில் பாதி எடை வரை மேக்ரோபேஜ்தான். அவ்வளவு இருந்தும் கட்டி வளர்கிறது என்றால், அவை கட்டியின் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பொருள். காயத்தில் செய்யும் அதே சீரமைப்பு வேலையை அங்கே செய்கின்றன. ரத்தக் குழாய் வளர்த்துக் கொடுக்கின்றன, டி செல்களை அடக்குகின்றன.

தவிர, நம் செல்கள் சி.டி-47 என்ற புரதத்தைக் காட்டி 'என்னை விழுங்காதே' என்று சொல்கின்றன. புற்று செல்கள் அதை ஏராளமாக அணிந்துகொள்கின்றன. இதைத் தடுக்கும் மாக்ரோலிமாப் மருந்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது, ஆனால் ரத்தப் புற்றுநோயில் நடந்த பெரிய சோதனைகள் 2023, 2024ல் நிறுத்தப்பட்டன. சிவப்பு அணுக்களும் அதே புரதத்தைக் காட்டித்தான் தப்பிக்கின்றன என்பதால் ரத்தசோகை ஒரு பக்கவிளைவு.

இரும்புச்சத்து மாத்திரை மாசக்கணக்கா சாப்பிட்டும் அம்மாவுக்கு ரத்தம் ஏறல. மூட்டு நோய்தான் காரணம்கிறாங்க. நம்பலாமா?

நம்பலாம், நடக்கக்கூடியதுதான். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு மேக்ரோபேஜ் வழியாக மீட்கப்படுகிறது என்று சொன்னேன். நீண்ட அழற்சியில் இன்டர்லூகின்-6, கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. மேக்ரோபேஜிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலை ஹெப்சிடின் அடைத்துவிடும். குடலிலும் அதே வாசல்தான், அதனால் மாத்திரையின் இரும்பும் உள்ளே ஏறாது. உடம்பில் இரும்பு இருக்கும், ஆனால் பூட்டிக் கிடக்கும். மூட்டு நோய் அடங்கினால் ரத்தம் ஏறும். ஆனால் உண்மையான இரும்புக் குறைபாடும் சேர்ந்தே இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனைகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

பையனுக்கு ஃபெரிட்டின் பல ஆயிரம்னு வந்திருக்கு, 'மேக்ரோபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம்'னு சொல்றாங்க. இ.எஸ்.ஆர் குறைஞ்சுதானே இருக்கு, பயப்படணுமா?

இது அவசர நிலை, உடனே உள்நோயாளியாகச் சிகிச்சை வேண்டும். குழந்தைகளின் முடக்குவாதம், சில தொற்றுகள், சில புற்றுநோய்கள் ஆகியவற்றின்போது டி செல்லும் மேக்ரோபேஜும் ஒன்றையொன்று நிறுத்தாமல் தூண்டும் நிலை. விடாத காய்ச்சல், பெருத்த மண்ணீரல், சரியும் ரத்த அணுக்கள், எகிறும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) ஆகியவை அடையாளங்கள். எலும்பு மஜ்ஜையைப் பார்த்தால், மேக்ரோபேஜ்கள் நல்ல ரத்த அணுக்களையே விழுங்கிக்கொண்டிருப்பது சில சமயம் தெரியும்.

இ.எஸ்.ஆர் என்பது சோதனைக் குழாயில் சிவப்பு அணுக்கள் படியும் வேகம், அழற்சியில் வழக்கமாக ஏறும். இங்கே அது குறைவதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் தீர்ந்துபோவதால் அது இறங்குகிறது. நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கும்போது இ.எஸ்.ஆர் இறங்கினால் அதுவே ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு, இன்டர்லூகின்-1 தடுப்பு மருந்து போன்றவை இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் பலர் மீள்கிறார்கள்.

பச்சை குத்தினா ஏன் அழியறதில்ல?

தோலில் உள்ள மேக்ரோபேஜ்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. செரிக்க முடியாது. அந்த மேக்ரோபேஜ் செத்தால் மை வெளியே வரும், புதிதாக வரும் மேக்ரோபேஜ் அதையே விழுங்கிக்கொள்ளும். 2018ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். சிலிக்கா பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான், ஆனால் மை அவ்வளவு சேதம் செய்வதில்லை.

மேக்ரோபேஜை 'பூஸ்ட்' பண்ற பொடி, டானிக் எல்லாம் வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். மேலே வந்த நோய்களை எண்ணிப் பாருங்கள். கவுட், முடக்குவாதம், ரத்தக்குழாய் அடைப்பு, இப்போது சொன்ன சிண்ட்ரோம், எதிலும் மேக்ரோபேஜ் குறைவாகத் தூண்டப்பட்டது பிரச்சினை இல்லை. உண்மையிலேயே ஒரு பொடி அவற்றைக் கண்டபடி தூண்டினால், அது ஆபத்தான பொடி. பெரும்பாலும் எதையும் செய்யாது என்பதே ஆறுதல். புகையை நிறுத்துவது மட்டும் சந்தேகமில்லாமல் உதவும். புகைப்பவரின் நுரையீரல் மேக்ரோபேஜ்கள் பழுப்புத் துகள் அப்பிப்போய், கிருமியைக் கையாளும் திறன் குன்றிக் கிடக்கின்றன.

தடுப்பூசி ஞாபகமெல்லாம் டி செல், பி செல்லுக்குத்தானே? மேக்ரோபேஜுக்கும் ஞாபகம் உண்டுன்னு சொல்றாங்களே?

ஒரு வகையில் உண்டு. பிசிஜி போட்டுக்கொண்ட பெரியவர்களின் மோனோசைட்டுகள், காசநோயோடு தொடர்பில்லாத கிருமிகளுக்கும் மாதக்கணக்கில் பலமாகப் பதில் கொடுத்தன என்று 2012ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை, அதைச் சுற்றியுள்ள வேதிக்குறிகள் மாறுகின்றன. அடுத்த முறை அதே மரபணுக்கள் சீக்கிரம் திறக்கின்றன.

ஓரிரு நாளில் ரத்தத்தை விட்டுப் போகும் மோனோசைட் எப்படி மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும் என்று ஒரு மாணவி மடக்கினாள். சரியான மடக்கு. எலும்பு மஜ்ஜையில் இவற்றைப் பெற்றுத் தள்ளும் தாய்ச் செல்களிலேயே அந்தக் குறிகள் பதிகின்றன. ஆனாலும் இது டி செல்லின் ஞாபகம் போலக் குறிப்பிட்ட ஒரு கிருமிக்கானது அல்ல, நாளடைவில் மங்கும். கோவிட் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு பிசிஜி போட்டுப் பார்த்த பெரிய சோதனையில், கோவிட்டிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. மோனோசைட்டுகள் இப்படிப் பழகுவது எப்போதும் நன்மைதான் என்றும் எண்ண வேண்டாம். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்லும் ஆய்வகத்தில் மோனோசைட்டுகளை இதேபோல் பழக்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் அப்படிப் பழகிய மேக்ரோபேஜ்கள் எவ்வளவு கெடுதல் செய்கின்றன என்பது இப்போது தீவிரமாக ஆராயப்படுகிறது.